மஞ்சள் வளையம் போட்ட நாற்பத்தெட்டு மரங்கள்

இறப்பர் மரத்தைச் சுற்றி மஞ்சள் பெயின்டில் வளையம் போட்டால் அந்த மரத்துக்கு ஆயுள் முடிந்தது என்று நான் நம்பினேன். நம்பினேன் என்பது கௌரவமான சொல். உண்மையில் நடுங்கினேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருகிறவன் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேர் எடுத்தவன், ஒரு டின் பெயின்டுக்குப் பயந்து ஏழு வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்த ஏழு வாரத்தில் நான் செய்த வேலையை எழுதி வைக்கச் சொன்னது என் மனைவி. "மத்தவங்க சொல்லிச் சிரிக்கிறதுக்கு முன்னுக்கு நீங்களே எழுதிருங்க" என்றாள்.

என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் மரத்துக்கு மரம் மஞ்சள் வளையம் வந்தது. ஒரு மாதத்துக்குள் மெஷின் வாள் வந்தது. அதற்குப் பிறகு மலை முழுக்கக் குழி. அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் மஞ்சள் என்றால் முடிவு. கொழும்புக்காரர் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மாதிரி நாங்கள் மஞ்சள் வளையத்துக்கு நின்றுவிடுவோம். அவர்களாவது பச்சை வந்ததும் போவார்கள்.

எங்கள் துண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறுகிற பாதையில், ஓடைக்கு மேலே ஒரு சரிவில் முந்நூற்றுச் சொச்சம் இறப்பர் மரங்கள். அரசாங்கத் தோட்டத்துக்குச் சொந்தமானவை. ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்னால் தோட்டம் இப்படிப்பட்ட துண்டுகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. புல் வெட்டுவது, உரம் போடுவது, பால் வெட்டுவது எல்லாம் நாங்கள். பாலைத் தோட்டத்துக்கே கொடுத்துவிட்டு எங்கள் பங்கை வாங்கிக்கொள்வோம். மரம் அவர்களுடையது, எட்டு வருஷம் எங்களுடையது. மேல் பாதியை நானும் ஓடைப் பக்கத்துப் பாதியை மனைவியும் பார்த்துக்கொண்டோம். ஒரே பாதியில் இரண்டு பேரும் நின்று பார்த்தோம், முதல் மாதமே. பால் வந்ததைவிடப் பேச்சுத்தான் அதிகம் வந்தது.

பிறகு இலை நோய் வந்தது. தை, மாசியில் இறப்பர் மரம் தானாகவே இலையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்க்கும். அது அதன் பழக்கம். இந்த நோய் மழைக்காலத்தில், இலை முற்றி நிற்கிற நேரத்தில் வருகிறது. சிகரெட்டால் சுட்ட மாதிரி வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி விழும், இலை பழுத்து உதிரும், மரம் வெயிலில் தொப்பியைத் தொலைத்த ஆள் மாதிரி நிற்கும். இலை இல்லாத மரத்தில் பால் எங்கிருந்து வரும்? மூன்று வருஷத்தில் எங்கள் பால் பாதியாகிவிட்டது.

டிவிஷனைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகத்தரை நாங்கள் ஐயா என்போம். அந்த வருஷம் சித்திரையில் பால் நிறுக்கிற இடத்தில் வைத்து அவர் சொன்னார்: "இந்த வருசக் கடைசி வரைக்கும் பாப்போம். சரி வரலேன்னா ஒங்க ரெண்டு துண்டையும் புடுங்கிட்டுக் கறுவா வைக்கச் சொல்லிருக்காங்க." இரண்டு துண்டு என்றால் எங்களுடையதும் எங்களுக்கு மேலே இருக்கிற என் மச்சானுடையதும். மச்சான் என்றால் சொந்த மச்சான் இல்லை. சின்ன வயதிலிருந்து ஒருவரையொருவர் கிண்டல் செய்து வளர்ந்த உறவு.

கறுவாப்பட்டைச் செடி வைத்தால் எங்களுக்குத் துண்டு இல்லை. மறுபடி காலையில் பேர்ப் பதிவுக்குப் போய் நின்று நாள் கூலி. அந்தப் பயம் உள்ளே இருக்கும்போதுதான் பெயின்ட் வந்தது.

அன்றைக்கு நாங்கள் ஊரில் இல்லை. எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு மறுநாள் காலையில் வந்து மலை ஏறினால், என் முதல் மரத்திலேயே ஒரு மஞ்சள் வளையம். அதன் கீழே ஒரு இலக்கம். அடுத்த மரத்தில் அடுத்த இலக்கம். எண்ணிக்கொண்டே கீழே இறங்கினேன். நாற்பத்திரண்டு மரம் என் பக்கத்தில், ஆறு மரம் மனைவி பக்கத்தில்.

மேலேயிருந்து மச்சான் குரல் கொடுத்தான்.

"மச்சான், ஒனக்கு கடுதாசி வந்திருச்சு போல."

"யாரு வந்தா?"

"ஐயாவும் கொடை புடிச்ச ஒரு சிங்களப் பொம்பளயும். டேப்பு வச்சு மரத்த சுத்தி அளந்தாங்க. நோனா ஒவ்வொன்னா புத்தகத்துல எழுதிச்சு."

"அளந்தாங்களா? எதுக்கு அளக்கணும்?"

"பொணத்த எதுக்கு அளப்பாங்க? பொட்டி செய்யத்தான்."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஐயா வருஷக் கடைசி என்று சொல்லியிருந்தார். இது இன்னும் மே மாதம்கூட முடியவில்லை. பெரியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். முதல் தவணை நாற்பத்தெட்டு, பிறகு மீதி.

அன்று வீட்டில் பேசியது இப்படி.

"ஐயாகிட்ட போயி கேளுங்க" என்றாள் மனைவி.

"கேட்டா?"

"கேட்டா சொல்லுவாரு."

"அதான் பயமா இருக்கு. கேக்காம இருந்தா மறந்துகூட போவாங்க. கேட்டா நாமளே ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிரும்."

"மரத்துல நம்பர் போட்டுப் புத்தகத்துலயும் எழுதினவங்க மறந்துருவாங்களா?"

"அரசாங்க வேல. மறக்கலாம்."

"நீங்க கேக்க வேணாம். நா கேக்குறேன்."

"நீ கேட்டா நா பயந்துட்டேன்னு நெனப்பாரு."

"பயந்துட்டீங்கதானே?"

நான் எழுந்து போய்க் கத்தியைத் தீட்டினேன். மாட்டிக்கொண்ட நேரத்தில் கத்தி தீட்டுவது எங்கள் தொழிலில் ஒரு வசதி. வேலை செய்கிற மாதிரியும் இருக்கும், கோபமாக இருக்கிற மாதிரியும் இருக்கும்.

இனிச் சொல்லப்போவது எங்கள் தொழிலின் ஒரு வழக்கம். பால் வெட்டுவது என்பது மரத்தின் பட்டையைச் சாய்வாக மெல்லிசாகச் சீவி எடுப்பது. ஒரு பக்கம் மட்டும் சீவவேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சீவவேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயப்பட்டுவிடும். சீவிய பக்கம் மறுபடி பட்டை கட்டுவதற்கு வருஷக்கணக்கில் விடவேண்டும். இதெல்லாம் உயிரோடு இருக்கப்போகிற மரத்துக்கு. சாய்க்கப்போகிற மரத்துக்கு இந்த மரியாதை கிடையாது. கடைசிக் காலத்தில் தினமும் வெட்டலாம், இரண்டு பக்கமும் வெட்டலாம், ஏணி வைத்துத் தலைக்கு மேலேயும் வெட்டலாம், பால் கூட்டுகிற மருந்தைப் பட்டையில் தடவலாம். மரத்தில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு வாளுக்குக் கொடுத்துவிடுவோம். தோட்டங்களே அப்படித்தான் செய்யச் சொல்லும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. மரம் நிஜமாகவே சாய்க்கப்படுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாளே தொடங்கிவிட்டேன். நாற்பத்திரண்டு மரத்திலும் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, மேலே ஒரு வெட்டு. போன வருஷம் மிஞ்சிய மருந்து ஒரு போத்தலில் இருந்தது, அதையும் தடவினேன். ஒரு மரத்துக்கு மூன்று சிரட்டை தொங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் மரங்களுக்கு நகை போட்ட மாதிரி இருக்கும். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மரத்திடமும் "மன்னிச்சிரு" என்று சொல்வேன். இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். "பதினேழாம் நம்பரு, மன்னிச்சிரு." அப்போது அது எனக்குப் பெரிய மனசாகத் தெரிந்தது.

மனைவி அவளுடைய ஆறு மரத்தைத் தரமாட்டேன் என்றுவிட்டாள்.

"சாகப்போற மரத்துக்கு என்னா மரியாத?" என்றேன்.

"செத்த பொறகு பாத்துக்கலாம். இப்ப நிக்கிதுதானே."

"அந்தப் பால் வீணாப் போகும்."

"போகட்டும். எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டித்தான் பழக்கம். ஒங்க பயத்துக்கு ஏத்தமாதிரி ஏ கைய மாத்த முடியாது."

பால் நிறுக்கிற இடத்தில் ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னய்யா, நோய் வந்த துண்டுல பால் ஏறுது? மந்திரம் ஏதும் போட்டியா?"

"மரத்துகிட்ட பேசிப் பாத்தேங்க ஐயா" என்றேன்.

அவர் இன்னும் சத்தமாகச் சிரித்தார். மரத்தைக் கொல்லப்போகிறவர் மரத்துக்காரனைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறாரே, என்ன கல் மனசு என்று அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இறங்கினேன். அவர் மேலே வந்து பார்க்கவில்லை. மூன்று டிவிஷனுக்கு அவர் ஒருவர்தான், எங்கள் சரிவோ ஆளை மூச்சு வாங்க வைப்பது. வளையம் எதற்கு என்பதை அந்த நோனா பிறகு வந்து என்னிடம் சொல்லியிருப்பார் என்று அவர் நினைத்திருக்கிறார். இது பிறகு தெரிந்தது.

ஏழாவது வாரம், மழை விட்டிருந்த ஒரு காலையில் அந்த நோனா வந்தார். எல்லோரும் மிஸ் என்றார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒரு கையில் குடை, மறுகையில் அரிசிச் சாக்கு, சாக்குக்குள்ளே சுருட்டிய வலைகளும் ஒரு பெயின்ட் டின்னும். ருவான்வெல்லையில் பஸ் மாறி, அங்கிருந்து இன்னொரு பஸ், கடைசியில் முச்சக்கர வண்டி, அதற்குப் பிறகு நடை. கணுக்காலில் அட்டை கடித்து இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. என் முதல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம். தமிழில் எழுதுகிறேன்.

"அண்ணே, இந்த மரங்கள யாரு வெட்டுறது?"

"நாந்தான் மிஸ்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "ஒரு சொட்டு மிச்சம் வைக்கல."

அவர் அடுத்த மரத்துக்குப் போனார். அதற்கடுத்த மரத்துக்குப் போனார். பட்டையைத் தடவினார். தலையை உயர்த்தி மேல் வெட்டைப் பார்த்தார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் இப்படி வெட்டுனீங்க?"

"சாய்க்கப் போறீங்கதானே."

"யாரு சாய்க்கப் போறது?"

"நீங்க."

"நானா?" என்றார். தன் கையிலிருந்த குடையைப் பார்த்தார். அதைக் கொண்டு மரத்தைச் சாய்க்க முடியாது என்பது எனக்கும் அப்போது தெரிந்தது.

அவர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவர். இலை நோய்க்கு ஒரு மருந்துக் கலவையை எங்கள் துண்டில் அடித்துப் பார்க்கப் போகிறார்கள். மற்ற மரங்களுக்கு மருந்து அடிப்பார்கள். மஞ்சள் வளையம் போட்ட நாற்பத்தெட்டுக்கு மட்டும் அடிக்கமாட்டார்கள். மருந்து அடித்த மரத்தில் எவ்வளவு இலை உதிர்கிறது, அடிக்காத மரத்தில் எவ்வளவு உதிர்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா, இல்லை அந்த வருஷ மழைதான் குறைவா என்று தெரியும்.

"அப்ப அந்த மஞ்ச வளைய மரத்துக்கெல்லாம் நா என்னா செய்யணும்னு இருந்திச்சு?" என்று கேட்டேன்.

"ஒன்னும் இல்ல. வழமபோல வெட்டிக்கிட்டு இருந்தாப் போதும்."

பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் கொடுத்த வேலைகளிலேயே மிக இலேசான வேலை அது. எதையும் மாற்றாமல் இருப்பது. அதையும் உழைத்துக் கெடுத்திருக்கிறேன், ஏணி வைத்து.

எனக்கு வெட்கம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மிஸ். ஒரு போர்டு வச்சிருக்கலாம். பெயின்டுக்கு வேற நெறமே கெடைக்கலியா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கணுக்காலிலிருந்து அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். வெள்ளைப் பெயின்ட் கேட்டு எழுதினார், வரவில்லை. நிலையத்து கேட்டுக்கு எப்போதோ அடித்து மிஞ்சிய மஞ்சள் டின் ஒன்று கிடந்தது, அதைக் கொண்டுவந்தார். போர்டு செலவுத் திட்டத்தில் இருந்தது, அனுமதி வந்தபோது அந்த வரியைக் காணவில்லை. முன்பெல்லாம் ஊர் ஊராக மோட்டார் சைக்கிளில் வந்து ஆட்களைக் கூட்டி வைத்து விளங்கப்படுத்துவதற்கென்றே ஒரு உத்தியோகத்தர் இருந்தார். அவர் ஓய்வுபெற்றுப் போனார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. வாகனம் இருக்கிறது, டீசல் இல்லை. இரண்டு வாரத்தில் திரும்பி வந்து எனக்கு எல்லாம் சொல்லவேண்டும் என்றுதான் அவரும் இருந்தார். பயணத்துக்கு அனுமதி வரும் என்று ஏழு வாரம் பார்த்துவிட்டு, வராததால் இன்றைக்குத் தன் காசில் பஸ் ஏறிவிட்டார்.

"ஆறு எடத்துல செய்யத்தான் எழுதினோம்" என்றார். "ரெண்டுக்குத்தான் சரின்னாங்க. மத்தது போன மாச மழையில மண் சரிஞ்சு போச்சு. இருந்தது இது ஒன்னுதான்."

அரசாங்கம் முழுப் பலத்தோடு என் மரங்களைப் பறிக்க வருகிறது என்று நான் ஏழு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். வந்ததோ ஒரு பெண், இரண்டு பஸ் மாறி, கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டோடு.

அதைவிடப் பெரிய விஷயம் பிறகுதான் வந்தது. "ஒங்க துண்டப் புடுங்க வேணாம், இந்த முடிவு வரட்டும்னு தோட்டத்துல சொல்லி வச்சிருக்காங்க. மருந்து இலையத் தாங்குதுன்னா விட்டுருவாங்க. வருசக் கடைசிக்குள்ள ஒரு முடிவும் இல்லாட்டிப் புடுங்கிருவாங்க. ஒங்களுக்கு அதுவும் தெரியாதா?"

தெரியாது. என் துண்டைக் காப்பாற்ற வந்த ஒரே ஒரு காரியத்தை, துண்டு போகிறதே என்ற பயத்தில் நானே கெடுத்திருக்கிறேன். என்னைச் சிரிக்க வைக்கிற அளவுக்கு நல்ல பகிடி இது. ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மரத்தில் சாய்ந்து நின்று, "இனி ஒன்னும் செய்ய ஏலாதா மிஸ்?" என்று கேட்டேன்.

"இத இப்படியே எழுதி அனுப்பினா மூடிருவாங்க. ரெண்டாந்தடவைக்குக் காசு தரமாட்டாங்க."

அந்த நேரம் பார்த்து மனைவி பிளேன்டீயோடு மேலே வந்தாள். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், எதையும் கேட்காமலே விளங்கிக்கொண்டாள். "ஓட பக்கத்துல ஏ மரம் ஆறு இருக்கு மிஸ். அத இவர தொட விடல" என்றாள்.

மிஸ் தேநீரைக்கூட வாங்காமல் கீழே இறங்கினார். ஆறு மரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்க வெட்டு, நூல் பிடித்த மாதிரி. "அனே" என்றார் மிஸ், மெதுவாக, நாம் அடடா என்கிற மாதிரி. பிறகு திரும்பி, "ஆறு காணாது. இதே வயசு, இதே ஜாதி, இதே நோய், இன்னும் நாப்பத்திரண்டு மரம் பக்கத்துலயே வேணும்" என்றார்.

அது மச்சானுடைய துண்டில் இருந்தது.

மிஸ்ஸோடு மச்சானிடம் போய் நின்றது என் வாழ்க்கையில் எனக்கு மிகவும் நீளமாகத் தெரிந்த கால் மணித்தியாலம். அவன் முழுவதையும் கேட்டான். இரண்டு தடவை சொல்லச் சொன்னான். இரண்டாவது தடவை விளங்காததால் இல்லை, தன் சந்தோஷத்துக்காக.

"அப்ப பதினேழாம் நம்பருகிட்ட மன்னிப்பு கேட்டது வீணா?"

"வீணில்ல. இப்பத்தான் உண்மையாவே கேக்கணும்."

"சரி. ஏ நாப்பத்திரண்டு மரத்துக்கு மருந்து அடிக்கமாட்டாங்க. ஒன் மரத்துக்கு அடிப்பாங்க. ஒன் மரம் எல போட்டு நிக்கும், ஏ மரம் மொட்டையா நிக்கும். நா என்னா பைத்தியமா மச்சான்?"

"ரெண்டு துண்டும் ஒன்னாத்தான் நிக்கும், ஒன்னாத்தான் போகும். ஐயா சொன்னது ஞாபகம் இல்லியா?"

அவன் திரும்பித் தன் வாளியைப் பார்த்தான். நோய்க்கு முன்னால் எங்கள் லயத்திலேயே அதிகப் பால் கொண்டுவந்தவன் அவன். அந்த வருஷம் அவனுடைய வாளி பாதிக்கு மேல் நிறைந்ததே இல்லை.

"அப்ப இப்படிச் செய்வோம்" என்றான். "அந்த நாப்பத்திரண்டையும் நீ வெட்டு. மருந்து அடிச்ச ஒன் மரத்துல நாப்பத்திரண்டு நா வெட்டுறேன். நல்ல மரம் எனக்கு, மொட்ட மரம் ஒனக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு பக்கம். நா மேல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

ஒப்புக்கொண்டேன். மிஸ் சாக்கிலிருந்து மஞ்சள் டின்னை எடுத்தபோது மச்சான் கையைக் காட்டித் தடுத்தான். "நோனா, வேற எது வேணும்னாலும் கட்டுங்க. மஞ்ச மட்டும் வேணாம். இந்த ஆளு பாத்தா மறுபடி ஏணி எடுத்துருவான்." கடைசியில் மனைவி தன் பழைய பச்சைச் சேலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். நாற்பத்தெட்டு நாடா, மரத்துக்கு ஒன்று. அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

மருந்து இரண்டு வாரம் கழித்து வந்தது. வேறொரு நிலையத்தில் இரவல் வாங்கிய மெஷினோடு இரண்டு பேர் வந்து நீளக் குழாயால் மேலே பார்த்து அடித்தார்கள். நான் கெடுத்த நாற்பத்திரண்டு மரமும் நடுவில் அநாதையாக நின்றன. அவற்றை யாரும் எண்ணவில்லை, நானும் தொடவில்லை.

மிஸ்ஸால் மாதத்துக்கு ஒருமுறைதான் வர முடிந்தது. அதனால் இலை எண்ணுகிற வேலையை எங்கள் இருவரிடமும் கொடுத்தார். மரத்தடியில் கட்டிய வலைகளில் விழுந்த இலைகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் எடுத்து எண்ணி ஒரு கொப்பியில் எழுதவேண்டும். பச்சை நாடா மர வலைக்கு ஒரு பக்கம், மருந்து மர வலைக்கு ஒரு பக்கம். மனைவி எண்ணுவாள், நான் எழுதுவேன். இலை எண்ணுவது இலேசு என்று நினைக்கிறவர்கள் எங்களோடு ஒரு ஞாயிறு உட்கார்ந்து பார்க்கலாம். முந்நூறு தாண்டியதும் மச்சான் மேலேயிருந்து வேண்டுமென்றே வேறு இலக்கங்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பான்.

ஒரு குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். புரட்டாசியில் ஒரு வாரம் மழை விடாமல் பெய்தது. மருந்து மர வலையிலும் இலை நிறைய விழுந்திருந்தது. மனைவி ஓடையில் கை கழுவப் போன நேரம், அந்த வலையிலிருந்து இரண்டு கை இலையை அள்ளிப் புல்லுக்குள் எறிந்துவிட்டேன். திரும்பி வந்தவள் வலையைப் பார்த்தாள். புல்லைப் பார்த்தாள்.

"எடுத்துப் போடுங்க" என்றாள்.

"ரெண்டு கைதான்."

"மருந்து வேல செய்யலன்னா நமக்குத் தெரியணும். தெரியாம துண்ட வச்சிக்கிட்டு என்னா செய்யப் போறோம், எலைய எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கப் போறமா?"

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டேன். ஈரமான புல்லில் பழைய இலை எது, நான் எறிந்த இலை எது என்று தெரியவில்லை. தெரியாததையெல்லாம் வலையில் போட்டுவிட்டேன். அந்த வாரக் கணக்கில் மருந்து மரத்துக்குப் பத்துப் பதினைந்து இலை கூடுதலாகவே அநியாயம் நடந்திருக்கும். மறுமாதம் மிஸ் வந்தபோது அதையும் சொன்னேன். அவர் கொப்பியில் அந்த வாரத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, "சொன்னது நல்லது" என்றார். பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கார்த்திகையில் எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. சரிவின் கீழே நின்று நிமிர்ந்தால் கண்ணுக்கே தெரிந்தது. பச்சை நாடா மரங்களின் நடுவே வானம் தெரிந்தது. மருந்து அடித்த மரங்கள் முழுசாக இல்லாவிட்டாலும் இலையோடு நின்றன. மச்சான் என் மரங்களில் வெட்டி வாளியை நிறைத்துக்கொண்டு போனான். நான் அவனுடைய மொட்டை மரங்களில், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு பக்கம், அரை வாளி. மேலேயிருந்து அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சொன்னபடி.

மிஸ் கொப்பியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். தோட்டத்தில் அதைப் பார்த்தார்கள். ஐயா பால் நிறுக்கிற இடத்தில் வைத்து, "துண்டு இருக்கட்டும்னுட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளின் வாளியைத் தராசில் வைக்கச் சொன்னார். அடுத்த வருஷமும் மருந்து அடித்துப் பார்க்கப் பணம் கேட்டு மிஸ் எழுதியிருக்கிறார். இதை எழுதும் வரைக்கும் பதில் வரவில்லை.

கறுவா வைக்கவில்லை. எங்கள் துண்டும் மச்சான் துண்டும் நிற்கின்றன. நான் இரண்டு பக்கமும் வெட்டி மருந்து தடவிய நாற்பத்திரண்டு மரத்தில் பதினேழு மரம் பால் வற்றிப் பட்டை வெடித்துக் காய்ந்துபோயின. மார்கழிக் கடைசியில் மெஷின் வாளோடு ஆட்கள் வந்தார்கள். எந்த மரம் என்று கேட்டார்கள். மஞ்சள் வளையமும் இலக்கமும் போட்டிருந்ததால் காட்டுவது இலேசாக இருந்தது. பதினேழையும் சாய்த்துவிட்டுப் போனார்கள்.